ராணுவ லாரியின் முதுகில் ஒரு வீடு

ராணுவம் கழித்துவிட்ட ஸ்டாலியன் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ள வீடாக நானும் என் மச்சானும் மாற்றினோம். வேலை முழுக்க வட சென்னையிலேயே முடிந்தது. மாதவரத்தில் லாரிப் பட்டறை, காசிமேட்டில் ஃபைபர் வேலை, திருவொற்றியூரில் லேத், சாமான் தேட மூலக்கடையும் கொருக்குப்பேட்டையும். ஸ்பிதிப் பள்ளத்தாக்கு வரைக்கும் அந்த வண்டி போய் வந்துவிட்டது. இதே ஆசையில் இருக்கும் பலர் வந்து பார்க்கிறார்கள். கட்டில் எந்தப் பக்கம் போட்டீர்கள், சோலார் எத்தனை வாட் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இப்படி ஒரு வண்டி பிழைப்பதா உடைவதா என்பது, மேலே வீடாகக் கட்டும் பெட்டியும் லாரியின் அடிச் சட்டமான சேசிஸும் சேருகிற இடத்தில்தான் இருக்கிறது. யார் வந்து பார்த்தாலும் முதலில் அவர்களைக் குனிய வைத்து அந்த இடத்தைத்தான் காட்டுகிறேன்.

அதற்கு முன்னால் வண்டியைப் பற்றி. இந்திய ராணுவத்தின் பழைய லாரிகளில் நம் கைக்கு எட்டுபவை சில. ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவான சக்திமான், டாடாவின் இரண்டரை டன் எல்.பி.டி.ஏ., அசோக் லேலண்டின் ஸ்டாலியன். சக்திமானைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆசைதான். ஆனால் உதிரி பாகத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். ஸ்டாலியனை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் ஊர்தான். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேர் விட்டது. முதலில் ஆஸ்டின் கார்களைக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் லேலண்ட் வண்டியில் கை வைக்காத மெக்கானிக் கிடையாது. ராணுவத்துக்கான ஸ்டாலியன்கள் பெரும்பாலும் ஜபல்பூரில் கோக்கப்பட்டவை என்றாலும், என்ஜினின் ஜப்பானிய ஹினோ வம்சம் இங்குள்ளவர்களுக்குப் பழகியது. பிஸ்டன், பம்ப், கிளட்ச் என்று எதைக் கேட்டாலும் இங்கே பேச ஆள் உண்டு.

பேச ஆள் இல்லாதவை இரண்டு: என்ஜின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் சக்கரங்களைச் சுழற்றும் முன் ஆக்சில். நான்கு சக்கரமும் இழுக்கிற லாரி சாதாரணச் சாலையில் ஓடுவதில்லை என்பதால் அந்தப் பாகங்கள் கடையில் வராது, ராணுவ ஏலத்தில் கழிந்து வருபவைதான். ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது என்ஜின் சத்தத்தில் மயங்க வேண்டாம். கீழே படுத்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் கசிகிறதா, முன் சக்கரத்தைத் திருப்பினால் ஜாயின்ட் கடகடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜின் போனால் சரிசெய்துவிடலாம். அந்த இரண்டும் போனால் வண்டி ஆறு மாதம் பட்டறையில் படுக்கும்.

ராணுவ வண்டிகள் குறைவாக ஓடி, நிறைய நாள் நின்றவை. மீட்டர் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு ஒன்றும் இல்லை. நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் செத்திருக்கும். ஏர் பிரேக் டயஃப்ரம், ஹோஸ், சீல், டீசல் டேங்கின் அடி வண்டல் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) முழுசாக இருக்கும், பார்க்கப் புதுசு மாதிரி தெரியும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறதா பாருங்கள். 3512 என்று இருந்தால் அது 2012ஆம் வருடத்தின் 35ஆவது வாரம் பிறந்த டயர். அதன் மேல் உங்கள் குடும்பத்தைப் படுக்க வைக்காதீர்கள்.

காகித வேலை தனிக் கதை. ராணுவம் கழிக்கும் வண்டிகள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் வருகின்றன. ஏல விவரத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓட்டுவதற்கான வண்டியாக விற்கிறார்களா, உடைப்பதற்கான இரும்பாக விற்கிறார்களா என்பது அதில்தான் இருக்கும். 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு செல்லாது என்ற விதி வந்த பிறகு, இரும்பாகப் போகும் வண்டிகள் அதிகம். ராணுவ நடவடிக்கைக்கான சிறப்பு வண்டிகளுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு என்றாலும், அந்த விலக்கு ராணுவத்திடம் இருக்கும் வரைக்கும்தான். உடைக்க விற்ற வண்டியை மலிவாக எடுத்துவிட்டு, பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்றால் யாராலும் உதவ முடியாது. இடைத்தரகர் ஒருவர் எங்களிடம், "எல்லாம் நான் பாத்துக்கறேன் சார், நீங்க துட்ட மட்டும் ரெடி பண்ணுங்க" என்றார். ஏலத்தின் விற்பனை உத்தரவும் வண்டி விடுவிப்புக் கடிதமும் நம் பெயரில், சேசிஸ் எண்ணோடும் என்ஜின் எண்ணோடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு யார் எதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் மாற்றத்துக்கான அனுமதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை இருக்கிறது. நாங்கள் ஓர் ஆணி அடிப்பதற்கு முன்னால் வரைபடத்தோடு போய் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். நீளம், அகலம், உயரம், எடை, இருக்கைகள், வெளியேறும் வழி எல்லாம் வரைந்து, பொறியாளர் கையெழுத்தோடு கொடுத்தோம். என்ஜின், ஆக்சில், வீல்பேஸ் எதையும் தொடவில்லை என்று முதல் வரியிலேயே எழுதினோம். அதிகாரி கேட்ட முதல் கேள்வியும் அதுதான். எதையும் வாய்மொழியாக வாங்கிக்கொள்ளாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

நிறத்துக்கும் சட்டம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பச்சைக்காகவே வண்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேறு நிறம் அடித்துத்தான் ஆக வேண்டும். எங்கள் வண்டிக்கு மணல் நிறம், கூரைக்கு வெள்ளை.

இனி அந்த இடத்துக்கு வருகிறேன்.

லாரி சேசிஸ் என்பது இரண்டு நீளச் சட்டங்களும் அவற்றைச் சேர்க்கும் குறுக்குச் சட்டங்களும். அது முறுக வேண்டும் என்றே செய்யப்பட்டது. ஸ்டாலியன் மாதிரி காட்டு வண்டியில் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறி, எதிர் மூலைச் சக்கரமும் தூக்கும்போது சேசிஸின் முன்பக்கம் ஒரு சாய்விலும் பின்பக்கம் வேறு சாய்விலும் நிற்கும். அப்படி முறுகுவதால்தான் நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றன. இதன் மேல் நாம் வைக்கப்போவது நான்கு சுவர், தளம், கூரை உள்ள ஒரு பெட்டி. பெட்டி முறுகாது. முறுகாத பெட்டியை முறுகும் சேசிஸில் நான்கு மூலையிலும் இறுக்கினால், இரண்டில் ஒன்று கிழியும். பெரும்பாலும் பெட்டிதான் கிழியும், ஜன்னல் மூலையில் தொடங்கி. சில சமயம் சேசிஸே வெடிக்கும்.

வேறு ஊரில் கட்டிய ஒரு வண்டி மாதவரம் பட்டறைக்கு வந்தது. உள்ளே போனால் ஓட்டல் அறை மாதிரி இருந்தது, அவ்வளவு நேர்த்தியான மர வேலை. பெட்டியை யூ போல்ட் போட்டு முழு நீளத்துக்கும் இறுக்கியிருந்தார்கள். சரக்கு லாரிக்கு அப்படித்தான் செய்வார்கள், தார்ச் சாலையில் அது போதும். ஆனால் இந்த வண்டி மலைப் பாதையில் போய்விட்டு வந்திருந்தது. கதவின் மேல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் விரிசல், கதவு பூட்டவே இல்லை. மழை நீர் இறங்கித் தளப் பலகை ஊறிப்போயிருந்தது. மேஸ்திரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "சேசிஸு முறுக்கத்தான் செய்யும் தம்பி. அத அது இஷ்டத்துக்கு உட்டுடு. மேல இருக்கறத மட்டும் காப்பாத்து."

காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மூன்று புள்ளித் தாங்கி: பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் சுழலும் ஒன்று. இரண்டாவது, நான்கு புள்ளி வைர அமைப்பு: முன்னும் பின்னும் நடுவில் சுழலும் புள்ளிகள், பக்கவாட்டில் இரண்டு. மூன்றாவது, ஸ்பிரிங் வைத்த துணைச் சட்டம். முதல் இரண்டிலும் முறுக்கம் பெட்டிக்குச் சுத்தமாகப் போகாது. ஆனால் மொத்த எடையும் மூன்று நான்கு இடங்களிலேயே சேசிஸ் மேல் இறங்கும், அந்த இடங்களின் பலத்தைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும். சேசிஸின் முழு நீளத்திலும் எடையைப் பரப்பும் மூன்றாவது வழியை நாங்கள் எடுத்தோம். நமது பட்டறைகளின் கைக்கு அதுதான் ஒத்துவருகிறது என்பது என் கருத்து.

செய்முறை இதுதான். சேசிஸின் இரண்டு சட்டங்கள் மேலும் உட்காருகிற மாதிரி இரும்பில் ஒரு துணைச் சட்டம். பெட்டி அதன் மேல் இறுக்கமாக நிற்கும். இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை. பின் ஆக்சில் பகுதியில் துணைச் சட்டத்தைத் தகடு வைத்துச் சேசிஸோடு அசையாமல் போல்ட் போட்டாயிற்று. முன்பக்கம் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி மாதிரி பிராக்கெட்டுகள், ஒன்று சேசிஸில், ஒன்று துணைச் சட்டத்தில். இரண்டின் ஊடே நீளமான ஹை டென்சில் போல்ட், அதில் அழுத்தும் ஸ்பிரிங், கழலாத நைலாக் நட். சேசிஸ் ஒரு பக்கம் கீழே போகும்போது ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கும், சட்டம் பிரியும், பெட்டி நேராகவே நிற்கும். வண்டி சமமானதும் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க வழிகாட்டித் தகடுகள் வேண்டும், இதை விட்டுவிடக் கூடாது.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. அது உயர்வலிமை எஃகு, சூடு பட்ட இடம் பலம் குறைந்து பின்னால் அங்கிருந்துதான் வெடிக்கும். துளை போட வேண்டுமென்றால் சட்டத்தின் செங்குத்துப் பகுதியில் மட்டும், மேல் கீழ் விளிம்பில் போடக் கூடாது. ஏற்கெனவே கம்பெனி போட்ட துளைகள் நிறைய இருக்கும், முடிந்தவரை அவற்றையே பயன்படுத்துங்கள். வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வையுங்கள். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது, தலையிலேயே எண் பொறித்திருக்கும். காயலான் கடையில் நாங்கள் எவ்வளவோ வாங்கினோம். கப்பலில் கழிந்த கதவுத் தாழ், பித்தளைக் குழாய், அலுமினியப் படிக்கட்டு எல்லாம் அங்கே எடுத்தவைதான். ஆனால் ஸ்பிரிங்கும் போல்ட்டும் புதிது. எத்தனை கிலோவுக்கு எவ்வளவு அமுங்கும் என்று தெரியாத ஸ்பிரிங்கை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

பெட்டி ஏறுவதற்கு முன், வெறும் துணைச் சட்டத்தின் மேல் மணல் மூட்டை அடுக்கிச் சோதித்தோம். மீஞ்சூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காலி மனை. ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, முன் இடச் சக்கரத்தையும் பின் வலச் சக்கரத்தையும் ஒன்றரை அடி உயரத்துக்கு மெல்ல ஏற்றினான் மச்சான். நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். சேசிஸிலும் துணைச் சட்டத்திலும் நேர்கோடாகச் சாக்பீஸில் போட்டிருந்த குறி மெதுவாகப் பிரிந்தது. இடப்பக்கம் ஒட்டியே நின்றது, வலப்பக்கம் என் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. ஸ்பிரிங்கின் சுற்றுகள் நெருங்கின, ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. மூட்டை ஒன்றும் சரியவில்லை. எதிர் மூலைகளிலும் இதே மாதிரி ஏற்றிப் பார்த்தோம். வண்டி இறங்கியதும் குறி பழையபடி சேர்ந்துகொண்டது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிச் சுற்றுகள் முட்டியிருந்தால், அதற்கு மேல் வரும் முறுக்கம் நேராகப் பெட்டிக்குப் போகும் என்று அர்த்தம். அதனால் இந்தச் சோதனையை யாரும் விடாதீர்கள், கடலோரத்தில் மட்டும் செய்ய வேண்டாம். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் மணல் ஆசை காட்டும். ஆனால் தை மாசி பங்குனியில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது, ஸ்டாலியன் சக்கரம் ஏறினால் முட்டை மிஞ்சாது.

பெட்டி தனியாக, கேபின் தனியாக ஆடும். ஆகவே கேபினிலிருந்து உள்ளே போக வழி வேண்டுமென்றால் நடுவில் மடிப்பு மடிப்பான ரப்பர் துணி வேண்டும். நாங்கள் வழியே வைக்கவில்லை. இறங்கி ஏறுவதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பெட்டிக்குக் காசிமேடு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கும். வெளிநாட்டில் இம்மாதிரி வண்டிக்கு இரண்டு பக்கமும் ஃபைபர் தகடு, நடுவில் பியூ (பாலியூரிதேன்) ஃபோம் வைத்த பலகையில்தான் பெட்டி கட்டுகிறார்கள். அதே வேலையைக் காசிமேட்டில் வருடக்கணக்காகச் செய்கிறார்கள். விசைப்படகில் மீனையும் ஐஸையும் நாள்கணக்கில் காக்கும் அறை அதே ஃபோம், அதே ஃபைபர்தான். அலையில் படகு அடிக்கிற அடி மலைப் பாதையின் அடிக்குக் குறைந்ததில்லை. உப்புத் தண்ணீர், குளிர், அதிர்வு எல்லாம் தாங்குகிற வேலை அவர்களுக்கு அன்றாடம். ஐஸ் அறை கட்டும் அண்ணன் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டினோம். "இதுல மீன் வெக்கல, மனுசன் படுக்கப் போறான், அவ்ளோதானே?" என்றார். அவ்வளவுதான்.

அவரிடம் கற்றதில் முக்கியமானது ஒன்று. மலிவு என்று நடுவில் தெர்மோகோல் வைக்கக் கூடாது. பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். ஒரு துண்டின் மேல் ரெசின் சொட்டு விட்டுக் காட்டினார், சொட்டு விழுந்த இடம் குழியாகி அப்படியே உள்ளே இறங்கிக்கொண்டே போனது. பியூ ஃபோமுக்கு இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் ரெசின் வேலை வைக்காதீர்கள் என்றும் சொன்னார். ஈரக் காற்றில் அது சரியாக இறுகாது, பிசுபிசுப்பாகவே நிற்கும். ஐப்பசி கார்த்திகையை விட்டுத் தை பிறந்த பிறகுதான் எங்கள் சுவர்களை வார்த்தோம்.

சுவரும் கூரையும் 50 மில்லிமீட்டர் ஃபோம். அலமாரி, கட்டில், தண்ணீர்த் தொட்டி எங்கெங்கே மாட்டப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்தந்த இடத்தில் ஃபோமுக்குப் பதில் மரைன் பிளைவுட் பட்டை வைத்தே சுவரை வார்த்தோம். இல்லாவிட்டால் திருகு பிடிக்க ஃபைபர் தோலைத் தவிர ஒன்றும் இருக்காது, முதல் குலுக்கலில் அலமாரி கையோடு வரும். மூலைகளில் அலுமினியக் கோணம் வைத்தால் குளிரில் அதன் உள்பக்கம் தண்ணீர் வேர்த்து ஒழுகும், ஆகவே அதற்கும் ஃபைபர் கோணமே. ஒட்டுவதற்குப் பியூ பசை, 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்குமாறு நடுவில் சின்னச் சின்னத் துண்டு வைத்து. பசையைப் பிதுக்கி வெளியேற்றி இறுக்கினால் பலம் கூடும் என்று தோன்றும். உண்மையில் அசைவைத் தாங்குவதே அந்தத் தடிமன்தான்.

உயரத்தை வைத்து நிறையப் பேச்சு நடந்தது. நின்றால் தலை இடிக்காமல் இருக்க வேண்டும் என்று மச்சான் கட்டாயமாகச் சொன்னான். வட சென்னையில் லாரி ஓட்டியவர்களுக்கு, சுரங்கப்பாதை வாசலில் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டம் என்ன பேசும் என்று தெரியும். கூரைமேல் சோலார், ஏசி என்று எது ஏறினாலும் அதோடு சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண் முன்னால் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள். உயரம் கூடக் கூட வண்டியின் கனமும் மேலே போகும், சரிவில் சாயும் பயம் அதிகம்.

எடையில் நான் பிடிவாதக்காரன். ஸ்டாலியன் காட்டுப் பாதையில் 5 டன், சாலையில் 7.5 டன் சுமக்கும் என்று கணக்கு. அதைப் படித்துவிட்டுக் கிரானைட் மேடை போடுபவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பெட்டி, தண்ணீர், சாமான், ஆள் எல்லாம் சேர்த்து 3 டன்னுக்குள் என்று கோடு போட்டுக்கொண்டோம். சுமை குறைந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், மணலில் புதையாது, ஆக்சில் நீடிக்கும். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் வண்டிகளுக்காக எடை மேடைகள் ஏராளம். வேலை நடக்க நடக்கப் போய் எடை போட்டோம். முழு வண்டியையும் ஒரு தடவை, முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவை, பின் சக்கரத்தை ஒரு தடவை. இடமும் வலமும் எடை ஒத்துப்போக வேண்டும். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. அதைப் பின்னால் கட்டிலுக்கு அடியில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே வையுங்கள். முழு எடை தெரிந்த பிறகு, சக்கரத்துக்கு மேலுள்ள வில் பட்டைகளைச் சரிசெய்யும் கமான் பட்டறைக்குப் போங்கள், அதற்கு முன்னால் போய்ப் பட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி 24 வோல்ட். வீட்டு பேட்டரி தனி, என்ஜின் பேட்டரி தனி, நடுவில், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சார்ஜ் ஏற்றும் டி.சி. சார்ஜர். வீட்டு பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் ஏற்றக் கூடாது, செல் கெட்டுவிடும். ஆகவே அது வெளிப் பெட்டியில் இல்லை, எங்கள் கட்டிலுக்கு அடியில். ஒவ்வொரு வயருக்கும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர், அதற்குத் தனி அறை, கதவு வெளிப்பக்கம், அறையின் தரையில் ஓட்டை. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே மட்டும் ஜன்னல் வைத்துவிட்டுக் காற்றோட்டம் இருக்கிறது என்று நம்பிப் படுத்துவிடக் கூடாது. 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் கிளம்பாதீர்கள். பனிக்காலத்தில் லடாக் போகிறவர்கள், அங்கே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய குளிர்கால டீசலைப் போட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் 33 டிகிரி வரைக்கும் அது உறையாது. கீழே நிரப்பிய டீசலோடு போய் நின்றால் காலையில் ஃபில்டரில் மெழுகு அடைத்து வண்டி கிளம்பாது.

உப்புக் காற்றில் வண்டியை நிறுத்துபவர்கள் துருவை மறக்கக் கூடாது. திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் ஒரு மழைக்காலம் நின்ற வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே புரியும். பெட்டி ஏறும் முன் சேசிஸை மணல் அடித்துச் சுத்தம் செய்து, ஜிங்க் பிரைமர் போட்டு, சட்டங்களின் உட்பக்கத்துக்கும் மெழுகு பீய்ச்சினோம். பெட்டி ஏறிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.

தண்ணீரைக் கடக்கிறவர்கள் ஆக்சிலின் பிரீதரை, அதாவது ஆக்சில் கூடான ஹவுசிங் மூச்சு விடும் சின்னத் துளையைப் பாருங்கள். சூடான ஹவுசிங் ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து உள்ளே இழுக்கும், பிரீதர் தாழ்வாக இருந்தால் காற்றோடு தண்ணீரும் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததே, அப்போது தண்ணீரில் நின்ற லாரிகள் வரிசையாக மேஸ்திரியிடம் வந்தன. ஹவுசிங் போல்ட்டைத் திறந்தால் வெளுத்துப்போன எண்ணெய்தான் கொட்டியது. அதோடு ஓட்டிய வண்டிகளில் பேரிங் போய்விட்டது. நாங்கள் ஒரு ரப்பர் குழாய் போட்டுப் பிரீதர்களைக் கேபின் உயரத்துக்குக் கொண்டுபோனோம். செலவு ஒன்றுமே இல்லை. ஆறு தாண்டிய மறுநாள் போல்ட்டை லேசாகத் தளர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கடைசியாக ஸ்டெப்னி. டிஸ்கோடு சேர்த்து அந்தச் சக்கரம் நூறு கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கி மாட்ட முடியாது. பெட்டியின் பின்பக்கம் கை வின்ச் வைத்து இறக்கி ஏற்றுகிற மாதிரி செய்தோம், அதன் பிராக்கெட் துணைச் சட்டத்தில் இருக்கிறது, பெட்டிச் சுவரில் இல்லை. நீளமான வீல் ஸ்பேனர், அதற்கு ஒரு கைக் குழாய், ஜாக்கிக்கு அடியில் வைக்க அகலமான பலகை, காற்று பிடிக்க வண்டியின் ஏர் டேங்கிலிருந்து நீண்ட ஹோஸ். ஊர் கிளம்பும் முன், வீட்டில் யார் யார் வருகிறார்களோ அத்தனை பேரும் சேர்ந்து பட்டறை வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.